சோப்பு மத்தியாஸின் பெட்டி

பிளேன்டீக் கோப்பையை இடக்கையால் வாங்கி, நின்ற நிலையிலேயே ஊதி ஊதிப் பாதி குடித்து, மீதியை வாசலில் கொட்டிவிட்டு, "வாறேங்க, பஸ்சு போயிரும்" என்று படி இறங்குகிறார் மத்தியாஸ். ஹட்டன் பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. பொகவந்தலாவைக் கடைவீதியில் பஸ் வருகிற நேரம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வார். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைத்தாலும் அதே பதில்தான். மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டுவிட்டால் பக்கத்திலிருப்பவர் காதில் அவர் முணுமுணுப்பதும் அதுவே.

இடக்கையால் வாங்குவதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. வலக்கையில் பெட்டி இருக்கும். மூலைகளில் தகரம் அடித்த கறுப்புத் தோல் பெட்டி. அவர் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிக்கிற கொழும்புக் கம்பனியின் சவர்க்காரம், பல்பொடி, ஊதுபத்தி எல்லாவற்றிலும் மாதிரிக்கு ஒவ்வொன்று அதற்குள் அடக்கம். மூடியைத் திறந்தால் கருவாடு விற்கிற கடைகூட ஒரு நிமிஷம் மணக்கும். இந்தப் பெட்டியைச் சுமந்து சுமந்து அவருடைய வலத்தோள் இறங்கிவிட்டது. சட்டை தைக்கிறவர் அந்தப் பக்கத்துக்குத் துணியைக் கொஞ்சம் கூட்டி விட்டுத்தான் வெட்டுகிறார். வெறுங்கையோடு மத்தியாஸ் எப்படி நடப்பார் என்று கடைவீதியில் எவருக்கும் தெரியாது. பார்த்தவர் இல்லை.

பல வருஷங்களுக்கு முன்பு றொசல்ல ஸ்டேஷனில் ஒரு சிகரெட் பற்றவைப்பதற்காகப் பெட்டியைக் கீழே வைத்தாராம். குச்சி கிழித்து நிமிர்ந்தபோது பெட்டியும் இல்லை, ரயிலும் இல்லை. கம்பனிக்காரர்கள் அதைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றோடு சிகரெட்டை விட்டார், பெட்டியை விடவில்லை. முடிவெட்டப் போனால் பெட்டி மடியில். பஸ்ஸில் முழங்கால்களுக்கு நடுவே. அதன் மூடிதான் அவர் தன்னந்தனியாகச் சீட்டாடும் மேசை. நற்கருணை வாங்கப் போகும்போதும் கூடவே தூக்கிக்கொண்டு போய், சுவாமியாரிடம் முறைப்பு வாங்கியவர் இந்தச் சீமையில் அவர் ஒருவர்தான். மத்தியாஸைப் பெட்டியைக் கீழே வைக்கச் செய்கிறவனுக்குக் கோழிக்கறிச் சாப்பாடு என்று கடைக்காரர்கள் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டை இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதிரே பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும் வரை அவரால் பொறுத்திருக்க முடியாது. நீங்கள் "இந்த மாசம் சோப்பு..." என்று இழுத்தால், "ஓடாதுங்க, மழையைப் பாருங்க, யாரு துணி தொவைக்கிறா!" என்று அவரே முடித்துவைப்பார். அநேகமாகச் சரியாகவே முடிப்பார். தொல்லையே அதுதான். ஒருமுறையாவது பிழையாக முடித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருக்கும்.

அவருடைய அக்காள் ஜோசப்பின் டீச்சர், கடைவீதிக் கோடியிலுள்ள பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வகுப்புக்கு வர்த்தகம் படிப்பிக்கிறார். இருவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லயத்துக் காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர்கள். தம்பியைப் பள்ளிக்கூடத்து வாசலில் மறித்து நிறுத்துகிற தைரியம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

"டேய் மத்தியாஸ், ஒனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்."

"சட்டுனு சொல்லுக்கா, பஸ்சு போயிரும்."

"போகட்டும். நில்லு."

சங்கதி இதுதான். பஸ் நிற்கிற இடத்தில் கடிகாரம் திருத்துகிறவர் வைத்திருந்த பெட்டிக்கடை, அவர் இந்தியாவுக்குப் போன பிறகு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கடை வர்த்தகர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி முதலாளிமார் ஒரு போட்டி வைத்தார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து ஒரு தொழிலுக்குத் திட்டம் போட வேண்டும், சங்கத்தார் முன்னால் வந்து அதை விளக்க வேண்டும். எந்தத் திட்டம் பிடித்திருக்கிறதோ அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கடை ஒரு வருஷத்துக்கு, வாடகை இல்லாமல். டீச்சருக்கு வர்த்தகப் பாடம் தெரியும், வர்த்தகம் தெரியாது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அதற்குத்தான் தம்பி.

"மூணு புள்ளைங்கடா. அதுல பூரணின்னு ஒருத்தி. லயத்துல இருந்து எஸ்.எஸ்.சி. வரைக்கும் வந்த பொம்பளப் புள்ளைய எண்ணிப் பாத்தா இந்த வருஷம் அவ ஒருத்திதான். அவ அப்பன் பழனியாண்டி படிப்ப நிப்பாட்டி தோட்டத்துல பேரு பதியப் போறேங்கிறாரு. மூணாவது பேரு தோட்டத்துச் செக்ரோல்ல ஏறுனா வீட்டுக்கு அரிசி கூட வருமில்ல? அந்தக் கடை கெடைச்சா மட்டும் பரீச்ச எழுத விடுறேன்னு சொல்லியிருக்காரு."

மத்தியாஸ் அன்றைக்குப் பஸ்ஸை விட்டார். அடுத்ததில் போனார் என்றாலும், விட்டது விட்டதுதான்.

வகுப்பறையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அதன் முதுகைத் தொட்டுவிட்டு, பெட்டியும் கையுமாகச் சுவருக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். மூன்று தலைகளும் அவரோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் திரும்பின. டோரீன் குளிர் தொப்பி பின்னி விற்கலாம் என்று தொடங்கினாள். "பின்னி முடிக்கிறதுக்குள்ள வெயில் காலம் வந்திரும்" என்று அவர் முடித்தார். சின்னத்தம்பி சோடா என்று வாயைத் திறந்தான். "பக்கத்து வகுப்பு அதைத்தான் போட்டிருக்கு, அடுத்தது!" என்றார். பூரணி வாயே திறக்கவில்லை. முடிக்க வாக்கியம் கிடைக்காததால் அவளைப் பார்த்ததும் மத்தியாஸுக்குக் கால் அரித்தது.

"என்னாம்மா, நீ ஒண்ணும் சொல்லலியே? சட்டுனு சொல்லு."

"நீங்க நடக்காம இருந்தா சொல்றேங்க சார்" என்றாள் பூரணி.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மத்தியாஸ் நின்றார். ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"சம்பளத்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க எல்லாரும் டவுனுக்கு வருவோம் சார். அம்மா டிஸ்பென்சரிக்குப் போகும், அப்பா கோயிலுக்குப் போவாரு, தம்பிங்க படம் பாக்கும். நான் மட்டும் பஸ் ஸ்டேன்டுல மூட்டை மேல குந்தியிருப்பேன். வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அதான் என் வேலை. என்னையப் போல வரிசையா ஒரு லயத்துக்கு ஒரு புள்ள குந்தியிருக்கும். அந்தக் கடையில எல்லாரு மூட்டையையும் வாங்கி வச்சுக் காவல் காத்தா என்னாங்க?"

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துச் சனம் கடைவீதிக்கு இறங்கியதும் வெறும் சாக்கையும் குடையையும் வழக்கமான கடையில் போடும். சாக்குப் போட்ட கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். இது எங்கும் எழுதிய சட்டமில்லை, ஆனால் மீற முடியாது. நிறைந்த மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு எதிர்க்கடையில் கருவாடு விலை கேட்டால் முதலாளியின் முகம் மாறும். "அங்கனயே வாங்கிக்க, மூட்டையையும் தூக்கிட்டுப் போ" என்பார். அதனால்தான் மூட்டைகள் பஸ் நிலையத்துக்கு வருகின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளை குந்துகிறது.

மத்தியாஸுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுதும் சுமந்தவருக்குச் சுமையை இறக்கி வைக்கிற கடை என்றால் வேறெப்படி இருக்கும்? வழக்கத்தை அறியாதவரா அவர்! ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள் இருந்த வியாபாரி எங்கேயோ போய்விட்டான், சுமைகாரன் மட்டுமே நின்றான். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன சீட்டுக் கொடுப்பது என்று சின்னத்தம்பி தயங்கியபோது, மத்தியாஸ் சட்டைப் பையிலிருந்து தம் சீட்டுக்கட்டை எடுத்து மேசைமேல் போட்டார். ஒவ்வொரு சீட்டையும் குறுக்கே வெட்டினார்கள். பாதி மூட்டையில், பாதி ஆளின் கையில். ராஜாவின் இரண்டு பாதியும் பொருந்தினால் மூட்டை கைக்கு வரும். அந்த வாரம் முழுதும் பஸ்ஸில் அவர் பெட்டி மூடிமேல் வெறும் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டு போனார்.

பேசிப் பழக்குவதையும் அவர் உட்கார்ந்து செய்யவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பாலம் வரை, பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை, பிள்ளைகள் அவரோடு ஓட்டமும் நடையுமாகத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். "நடந்துகிட்டே சொல்லு, அப்பத்தான் மண்டையில ஏறும்." நடுவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியாக மாறிக் கேள்வி கேட்பார். பிள்ளைகள் பதிலுக்கு மூச்சு வாங்குவதற்குள் துண்டை எடுத்துவிட்டு அவரே பதிலும் சொல்லிவிடுவார். டோரீன் இதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஒருநாள் வழியோரச் சாக்கடைக் கானுக்குள் விழப் பார்த்தாள்.

கடைசியில் சொல்வதற்கென்று ஒரு வரியை அவர் செதுக்கி வைத்திருந்தார். "கையில சொமை இல்லேன்னா ஆளு பத்துக் கடை ஏறி எறங்கலாமுங்க!" பூரணிதான் அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் கைதட்டு விழும் என்று அவருக்கு நிச்சயம்.

"சார், அந்த வரிய விட்ருவோமா?" என்று பாலத்தருகே பூரணி கேட்டாள். "என்னவோ எனக்கு அது..."

"புடிக்கலையா? அதுதாம்மா உசுரே! மத்ததெல்லாம் ஒடம்பு" என்று முடித்துவிட்டு மத்தியாஸ் முன்னால் போய்விட்டார்.

சங்கத்தின் மண்டபம் நல்லமுத்து முதலாளி கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடைவீதியில் பெரிய கடை அவருடையதுதான். சங்கத்துக்கும் அவரே தலைவர். படியேறும்போதே கருவாடும் கொத்தமல்லியும் சேர்ந்து மணக்கும். முதலாளிமார் வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். பக்கத்து வகுப்பு சோடாத் திட்டத்தைச் சொல்லிவிட்டு இறங்கியது. டீச்சர் முன்வரிசையில். மத்தியாஸ் பின்சுவரில் சாய்ந்து, பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி நின்றார்.

பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். சின்னத்தம்பி வெட்டிய சீட்டுகளைக் காட்டியபோது ஒரு முதலாளி வாங்கித் தாமே பொருத்திப் பார்த்துச் சிரித்தார். மழை வந்தால் மூட்டை எங்கே, கோழி கொண்டுவந்தால் எங்கே என்பதையெல்லாம் டோரீன் விளக்கினாள். பிறகு பூரணி முன்னால் வந்தாள். மூட்டை மேல் குந்தியிருந்த கதையை அவள் தன் வாயால் சொன்னதும் நல்லமுத்து முதலாளியே "ஆமா புள்ள, நான் பாத்திருக்கேன்" என்றார். எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மத்தியாஸுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இதனால கடைவீதிக்கு என்னா நன்மைன்னா..." என்று சொல்லிப் பூரணி நிறுத்தினாள்.

நிறுத்தி, வார்த்தையைத் தேடினாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். முதலாளிமாருக்கு அது ஒன்றும் நீளமாகத் தெரியவில்லை. பின்சுவரில் நின்றவருக்குத்தான் அது தாங்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"கையில சொமை இல்லேன்னா ஆளு பத்துக் கடை ஏறி எறங்கலாமுங்க!" என்று சத்தம் போட்டார்.

கைதட்டு விழவில்லை. நாற்காலிகளில் ஒவ்வொருவராகப் பின்னால் சாய்ந்தார்கள். வெட்டிய சீட்டைக் கையில் வைத்திருந்த முதலாளி அதை மேசையில் வைத்தார்.

"பத்துக் கடையா?" என்றார் நல்லமுத்து முதலாளி மெதுவாக. "சரிதான். சனம் சாக்க எங்க கடையில போடுது, அதனால எங்ககிட்ட வாங்குது. ஒங்ககிட்ட போட்டுட்டா அப்பறம் எங்ககிட்ட எதுக்கு வரணும்?"

அவர் கெட்டவரில்லை. கேட்டதில் கோபமும் இல்லை. கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். பூரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளிமார் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் மூவருக்கும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்து, நன்றாகப் பேசியதாகப் பாராட்டி அனுப்பினார்கள். கடை சோடாவுக்குப் போனது.

படியிறங்கி வந்த பிறகு மத்தியாஸ் கேட்டார், "மறந்து போச்சாம்மா?"

"மறக்கல சார். வேற ஒண்ணு சொல்ல இருந்தேன்."

"என்னாது?"

இந்த முறை அவர் முடிக்கவில்லை. பூரணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கை சும்மா இருந்தா சனம் இன்னும் ரெண்டு சாமான் கூட வாங்கும்னு."

மத்தியாஸ் கடைக்காரர்களோடேயே காலம் தள்ளியவர். இரண்டு சாமான் கூட என்ற சொல் நல்லமுத்து முதலாளியின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் பஸ்ஸுக்கு நடந்தார். பஸ் போயிரும் என்று சொல்லவில்லை. சொல்லாததை டீச்சர் கவனித்தார்.

அந்த வாரம் நோட்டன் பிரிட்ஜுக்கும் வட்டவளைக்கும் போய்வந்தார். எந்தக் கடையிலும் பெட்டியைச் சரியாகத் திறக்கவில்லை. ஒரு கடையில் பல்பொடியை எடுத்துக் காட்டிச் சவர்க்காரத்தின் குணங்களைச் சொன்னார். இரவு படுக்கையில் புரண்டார். வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் பூரணியின் லயத்துக்கே ஏறிப் போனார். மழையில் தேயிலை மலை வழுக்கி, கால்சட்டையெல்லாம் சேறு.

பழனியாண்டி வாசலுக்கு வந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். மத்தியாஸ் உட்காரவில்லை.

"என்னாலதாங்க போச்சு. புள்ள நல்லாத்தான் பேசுச்சு. நான்தான் நடுவுல..."

"கேள்விப்பட்டேங்க" என்றார் பழனியாண்டி. அவர் குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. "நீங்க வேணும்னா செஞ்சீங்க? கடை கெடைச்சா பாப்போம்னு நெனைச்சேன், கெடைக்கல. திங்கக்கெழம கூட்டிட்டுப் போய்ப் பேரு பதிஞ்சிர்றேன். கீழ ரெண்டு சின்னதுங்க இருக்குங்க. நான் என்னாங்க பண்றது?"

காம்பிராவுக்குள்ளிருந்து பூரணி வந்தாள். "அப்பா, கடை இல்லாட்டி என்னா? ஸ்கூல் வாசலு பஸ் ஸ்டேன்டுக்கு நேராத்தான இருக்கு. டீச்சர் அங்க குந்தலாம்னு கேட்டு வச்சிருக்காங்க. இந்த ஞாயித்துக்கெழம ஒரு நாளு குந்திப் பாக்குறோம். சனம் மூட்டைய நம்பிக் குடுத்துச்சுன்னா..."

மத்தியாஸின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"...என்னைய பரீச்ச வரைக்கும் விட்ருங்கப்பா."

பழனியாண்டி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு நாளுதான்" என்றார் கடைசியில். "நானும் வந்து பாப்பேன். ஒருத்தரும் குடுக்கலேன்னா பேசாம என்கூட வரணும்."

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய படங்குத் துணி ஒன்றைக் கூரையாகக் கட்டி, அடியில் பலகை போட்டு, வெட்டிய சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டங்களிலிருந்து சனம் இறங்கிக்கொண்டே இருந்தது, மூட்டைகள் நிறைந்துகொண்டே இருந்தன. வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள், விசாரித்தார்கள், போனார்கள். "யாரு புள்ள நீ? எந்தத் தோட்டம்?" "குடுத்துட்டுப் போனா திரும்பக் கெடைக்குமா?" காளியாயி என்ற கொழுந்தெடுக்கிற பெண் ஒரு மாவு மூட்டையும் ஒரு சேவலுமாக வந்து பலகை வரை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, "வேணாம்டி ஆத்தா, நானே தூக்கிக்கிறேன். தொலைஞ்சா எம் புருசனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று நாலடி தள்ளி நின்றுகொண்டாள். பலகை வெறுமையாகவே கிடந்தது. எதிர்ப்பக்கம் குடையின் கீழ் பழனியாண்டி நின்றார். அவர் எத்தனையோ தடவை கால் மாற்றி நின்றுவிட்டார்.

ஹட்டன் பஸ்ஸுக்காகப் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்த மத்தியாஸ் இதைப் பார்த்தார். அவ்வளவுதான், வாய்க்குள் சொற்கள் முட்டிக்கொண்டு வந்தன. "வாங்க! வாங்க! சொமைய..." என்று தொடங்கிவிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்" என்றாள் பூரணி. கெஞ்சலாகவும் இருந்தது, கண்டிப்பாகவும் இருந்தது. "நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார். கும்புட்டுக் கேக்குறேன்."

மத்தியாஸ் வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. சந்தியில் ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. சனம் அவரையும் பார்த்தது, பஸ்ஸையும் பார்த்தது. அவர் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார், எதிரே நின்ற பழனியாண்டியைப் பார்த்தார், வெறும் பலகையைப் பார்த்தார். பிறகு படங்கின் கீழ் குனிந்து, பெட்டியைப் பலகைமேல் வைத்தார். விரல்கள் உடனே பிரியவில்லை. கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார்.

சோடாக் கடைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நல்லமுத்து முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். "டேய், மத்தியாஸ் பெட்டிய வச்சிட்டாண்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

சின்னத்தம்பி ஒரு பாதி ராஜாவைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினான். மற்றப் பாதியைப் பூரணி நீட்டினாள். மத்தியாஸ் அதை, எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, வலக்கையால் வாங்கினார்.

காளியாயி சேவலை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். "என்னாங்க சோப்புக்காரரே, நெசமாவே வச்சிட்டுப் போறீங்களா?"

மத்தியாஸ் வாயைத் திறந்தார். பூரணியைப் பார்த்தார். மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் பக்கம் கிளம்பியது. அவர் பஸ்ஸுக்கு எதிர்த் திசையில், பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால், "இந்தா புள்ள, இதையும் புடி. சேவலுக்கும் சீட்டு வேணும்" என்ற குரல் கேட்டது. மூட்டையைத் தூக்க முடியாமல் டோரீன் திணறும் சத்தமும், தெருவைக் கடந்து வருகிற காலடியும், "நீ விடும்மா, நான் தூக்கி வைக்கிறேன்" என்ற பழனியாண்டியின் குரலும் கேட்டன. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து தவித்தது. அவர் திரும்பவில்லை. பாதி ராஜாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்டி இல்லாத கையின் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து நடந்து போனார்.